ஒரு சாணில் இரண்டு சீட்

நம் ஊரில் ஒரு குடும்பம் என்றால் எத்தனை பேர்?

சர்க்கார் சுவரில் எழுதியபடி பார்த்தால் நாலு. கார் கம்பெனி கணக்குப்படி ஐந்து. ஆனால், குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும் நாளில் விடியற்காலை வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். ஏழு! அப்பா, அம்மா, பையன், பெண், தாத்தா, பாட்டி. ஆறு ஆயிற்றா? ஏழாவதாக ஒருத்தர் எங்கிருந்தாவது முளைத்துவிடுவார். கல்யாணமாகாத சித்தப்பா, லீவுக்கு வந்த அத்தை பெண், அல்லது, ''நானும் அந்தப் பக்கம்தான் போகணும், என்னை வழியில இறக்கி விட்டுடுங்க'' என்கிற பக்கத்து வீட்டுக்காரர். இது போக ஒரு தூக்கு நிறைய புளியோதரை, பொங்கல் பானை, கடைசி நிமிஷத்தில் பாட்டி நீட்டும் வயர் கூடை.

இந்த ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு, விலையிலும் கையைக் கடிக்காமல், நம் தெரு முனையில் ஒரே ஒடிப்பில் திரும்பக்கூடிய வண்டி ஒன்று வேண்டும் என்பது நடுத்தரக் குடும்பத்தின் நெடுநாள் பிரார்த்தனை.

பிரார்த்தனைக்கு முதலில் செவி சாய்த்தது மாருதி வேன். 1984-ல் வந்தது, 796 சி.சி. இன்ஜின். பிறகு ஆம்னி என்று பேர் மாற்றிக்கொண்டது. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகரம், தகரத்துக்கு முன்னால் எதிரே வரும் லாரி, அவ்வளவுதான் பாதுகாப்பு. அதிலும் நாம் சந்தோஷமாகத்தான் போனோம். ஊரில் எத்தனையோ பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனது அதில்தான். சினிமாவில் அந்தப் பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போனதும் அதே வேனில்தான். 2019-ல் அதன் உற்பத்தி நின்றது.

அதற்குள் டெல்லியில் ஒரு டேப்பை எடுத்து அளந்துவிட்டார்கள்.

* * *

2006 மத்திய பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சின்னக் கார்களுக்கு எக்ஸைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். எது சின்னக் கார்? நீளம் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் இன்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள். ஒரு மில்லிமீட்டர் தாண்டினாலும் பெரிய கார் வரி.

அன்று முதல் இந்தியாவில் கார் டிசைன் செய்கிறவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு டேப்பைக் கையில் எடுத்தார்கள். அம்சமாக இருந்த கார்களின் டிக்கியை எல்லாம் ஒட்ட வெட்டினார்கள். எந்தக் காரைப் பார்த்தாலும் 3,990 மில்லிமீட்டர், 3,995 மில்லிமீட்டர். பாட்டா செருப்பு விலை மாதிரி!

எக்ஸைஸ் போய் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்த நாலு மீட்டர் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருக்கும் சின்ன வண்டிக்கு 18 சதவீதம், வெளியே நிற்கும் பெரிய வண்டிக்கு 40 சதவீதம். அதாவது, நம் பாட்டி கால் நீட்டி உட்காரலாமா, கூடாதா என்பதை நிர்ணயிப்பது நிதி அமைச்சகம்.

அதனால்தான் கேள்வி இப்படி ஆயிற்று: நாலு மீட்டருக்குள் ஏழு பேரை எப்படி உட்கார வைப்பது?

* * *

இந்தக் கேள்விக்கு மலிவு விலையில் ஒரு விடை சொன்னது, டாட்சன் கோ பிளஸ். 2015 ஜனவரியில் வந்தது. 'காம்பாக்ட் ஃபேமிலி வேகன்' என்று அழைத்துக்கொண்டது. டெல்லி ஷோரூமில் ஆரம்ப விலை 3.79 லட்சம் ரூபாய். அந்த விலைக்கு மூன்று வரிசை சீட் என்றதும் பல வீடுகளில் சேமிப்புப் புத்தகத்தைத் தூசி தட்டினார்கள். நமக்கு இன்னொரு உறவும் உண்டு. அது பிறந்தது ஒரகடத்தில்.

டாட்சன் என்ற பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. 1914-ல் ஜப்பானில் மூன்று பங்குதாரர்கள் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாட்' என்று ஒரு கார் வந்தது. 1931-ல் அதைவிடச் சின்னதாக ஒன்று செய்தபோது, டாட்டின் பிள்ளை என்ற அர்த்தத்தில், இங்கிலீஷில் மகன் என்பதற்கு உள்ள 'சன்' சேர்த்து டாட்சன் என்றார்கள். ஆனால், ஜப்பானிய மொழியில் 'சொன்' என்றால் நஷ்டமாம். வியாபாரத்தில் நஷ்டம் என்று பேர் வைப்பார்களா? ஓரெழுத்தை மாற்றி, சூரியனைக் குறிக்கும் 'சன்' ஆக்கிவிட்டார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். நம் ஊர் நியூமராலஜிக்காரர் யாராவது அப்போது அங்கே இருந்திருந்தால் கூடவே இரண்டு 'ஏ'யும் சேர்த்திருப்பார்.

அந்தப் பெயரை 1980-களில் நிஸ்ஸான் கம்பெனி மூட்டை கட்டி வைத்தது. 2012-ல் மூட்டையை அவிழ்க்கப் போவதாக அறிவித்தது. 2014-ல் இந்தியாவில் டாட்சன் கோ, அடுத்த வருஷம் கோ பிளஸ். 2022 ஏப்ரலில் இங்கே டாட்சன் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஓரெழுத்தை மாற்றியும் அந்தப் பழைய 'சொன்' விடவில்லை.

சரி, ஏழு பேரை எப்படி உட்கார வைத்தார்கள்? இங்கேதான் கணக்கு சுவாரஸ்யம்.

கோ என்ற ஐந்து பேர் காரின் நீளம் 3,785 மில்லிமீட்டர். கோ பிளஸ் 3,995. வித்தியாசம் 210. அதாவது 21 சென்டிமீட்டர். உங்கள் கையை விரித்து, கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை பாருங்கள். அதுதான். ஒரு சாண்! முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டு காருக்கும் ஒன்றே, 2,450 மில்லிமீட்டர். ஆக, அந்த ஒரு சாணைப் பின்பக்கமாக ஒட்டி, டிக்கி இருந்த இடத்தில் இன்னும் இரண்டு பேர் உட்கார சீட் போட்டார்கள்.

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். இந்த ஒரு சாண் விஸ்தரிப்பில் உட்காருகிறவரின் சிரசு எங்கே இருக்கிறது? பின் கண்ணாடிக்குப் பக்கத்தில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

மூன்றாவது வரிசையை நிமிர்த்தி வைத்தால் சாமான் வைக்க மிச்சம் 48 லிட்டர் இடம். லிட்டர் கணக்கு புரியாவிட்டால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் வாட்டர் கேன் இரண்டு, கூட ஒரு சின்னக் குடம். புளியோதரைத் தூக்கு பாட்டி மடியில். அதே வரிசையை மடித்துவிட்டால் 347 லிட்டர். பானை, கூடை, பாட்டியின் பை, எல்லாம் போகும். பாட்டி கூடப் போகலாம்.

* * *

ஓட்டுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? நாலு மீட்டருக்குள் மூன்று வரிசை போட்ட வண்டி வைத்திருக்கும் மூன்று பேரைப் பிடித்து விசாரித்தேன். கம்பெனி பேர் கேட்காதீர்கள். மூன்று பேரும் மூன்று கம்பெனி வண்டி. ஆனால் மூன்று பேரும் சொன்னது வண்டியைப் பற்றிக் கொஞ்சம், குடும்பத்தைப் பற்றி நிறைய.

முதலாமவர், குரோம்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்.

''ஏழு சீட்டுன்னு வாங்கினேன் ஸார். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் பின்னாடி ரெண்டு வரிசையும் மடிச்சுதான் இருக்கும். ஏ-4 பேப்பர் வண்டி. ஞாயித்துக்கிழமைதான் மனுஷங்க ஏறுவாங்க. போன வாரம் பொண்டாட்டி பட்டுப்புடவையில ஏறி உக்காந்தா. இறங்கறப்போ புடவை முழுக்க டோனர் பொடி. ரெண்டு நாள் சோறு கிடைக்கல!''

''வருத்தமா?''

''எதுக்கு வருத்தம்? சின்ன சந்துல திரும்புது, கடை வாசல்ல நிக்குது. பெரிய வண்டி வாங்கியிருந்தா பார்க்கிங்குக்கே ஒரு வீடு வாடகைக்குப் பார்க்கணும்.''

இரண்டாமவர், ரிட்டயர்டு தலைமையாசிரியர். கார் வாங்கிய நாளிலிருந்து பெட்ரோல் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார், சிவப்பு மையில் கோடு போட்டு.

''விளம்பரத்துல லிட்டருக்கு 20-க்கு மேல்னு போடறான். பொய்யா?'' என்றேன்.

''பொய்யில்லை. அது பரீட்சை ஹால் மார்க். வண்டியை ரூமுக்குள்ள உருளை மேல நிறுத்தி ஓட்டி எடுக்கிற கணக்கு. ஏ.சி. கிடையாது, எதிர்க்காத்து கிடையாது, தாம்பரம் சிக்னல் கிடையாது. நம்ம ரோட்டுல வர்றதுதான் பப்ளிக் எக்ஸாம் மார்க்.''

அவர் முறை எளிமையானது. டேங்கை முழுக்க நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் மறுபடி முழுக்க நிரப்ப வேண்டும். ஓடியது 420 கிலோமீட்டர், இரண்டாம் தடவை பிடித்தது 28 லிட்டர் என்றால், லிட்டருக்கு 15. டேஷ்போர்டில் தெரியும் நம்பரை நம்ப வேண்டியதில்லை. ஒரு தடவை போதாது, நாலைந்து தடவை எடுத்து சராசரி பார்க்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது:

''பெட்ரோல் கணக்கு இருக்கட்டும். பால் கணக்கு எழுதினீங்களா?''

மூன்றாமவர் என் மனைவியின் தம்பி. மதுரைக்காரர். ஏழு சீட்டிலும் ஆள் வைத்து ஓட்டுகிற உண்மையான ஏழு சீட்டுக்காரர்.

''மாமா, சீட்டு ஏழுதான். ஆனா முன் சீட்டுக்கு மட்டும் நாலு பேரு போட்டி. எங்க அப்பாவுக்குக் காலு நீட்டணும். அம்மாவுக்குத் தலை சுத்தும். பெரியப்பாவுக்கு வழி சொல்லணும். வழி தெரியாது, ஆனா சொல்லணும்.''

''அப்போ கடைசி வரிசை?''

''அதுக்கு யாரும் கேக்க மாட்டாங்க. அங்க யாரு உக்காரணும்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். புதுசா கல்யாணமான ஜோடின்னா அவங்களே போய் உக்காந்துக்குவாங்க. ஆறு மாசம் ஆச்சுன்னா அவங்களும் நடுவரிசைக்கு வந்துடுவாங்க. அப்புறம் குழந்தைங்கதான்.''

கடைசி வரிசைக்கு இன்னொரு சட்டமும் உண்டாம். நடுவரிசை எழுந்து இறங்கி, சீட்டை மடித்தால்தான் கடைசி வரிசை இறங்க முடியும். மேலூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தும்போது நடுவரிசையில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தால் கடைசி வரிசைக்கு டீ கிடையாது. ஜன்னல் வழியாக ஒரு முறுக்கு மட்டும் போகும்.

தலை சுற்றலைப் பற்றி மட்டும் அவர் மாமியாரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். பின் சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னாலேயும் உட்காருகிறவர்களுக்குத்தான் தூக்கிப் போடுவது அதிகம். மயக்கம், வாந்தி வரும் ஆளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினால் எலுமிச்சம்பழம் காப்பாற்றாது. முன்னால் உட்கார வைத்து, ரோட்டைப் பார்க்கச் சொல்வதே வைத்தியம். அந்த அம்மாள் கேட்டுவிட்டுச் சொன்னார்: ''அதைத்தான் தம்பி நானும் சொல்றேன். எனக்கு முன் சீட்டு.''

* * *

இப்போது அந்தச் சிரசு விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தைகளுக்குக் கடைசி வரிசை என்றால் உயிர். பின் கண்ணாடி வழியாகப் பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு டாட்டா காட்டலாம். அவரும் நல்ல மனுஷனாக இருந்தால் பதிலுக்குக் காட்டுவார். அப்பா திட்டுவது அவ்வளவு தூரம் கேட்காது. இரண்டு சின்ன உடம்புகளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். இப்படித்தான் வீட்டிலேயே விலைமதிப்பில்லாத இரண்டு பேர், வண்டியிலேயே கொஞ்சம் தகரம் உள்ள இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

2014 நவம்பரில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு டாட்சன் கோ காரை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோத விட்டுப் பார்த்தது. ஐந்து நட்சத்திரத்துக்குக் கிடைத்தது பூஜ்யம். கூண்டு அவ்வளவு பலவீனமாக இருப்பதால் ஏர்பேக் வைத்தாலும் பெரிதாகப் பிரயோஜனமில்லை என்றார்கள். அந்த அமைப்பின் தலைவர் மாக்ஸ் மோஸ்லி, நிஸ்ஸான் தலைவராக இருந்த கார்லோஸ் கோனுக்கு, விற்பனையை நிறுத்துங்கள் என்று லெட்டரே எழுதினார். கம்பெனி சொன்ன பதில்: இந்திய விதிகளுக்கு உட்பட்டுத்தான் செய்திருக்கிறோம். பதில் சரிதான். முன்பக்கம் மோத விட்டுப் பார்க்கும் விதி புது மாடல்களுக்கு இங்கே அமலுக்கு வந்ததே 2017 அக்டோபரில். இல்லாத பரீட்சையில் யாரும் ஃபெயில் ஆவதில்லை.

(அந்தக் கோன் வேறொரு வழக்கில் ஜப்பானில் மாட்டி, 2019 டிசம்பரில் வாத்தியப் பெட்டி ஒன்றுக்குள் சுருண்டு உட்கார்ந்து விமானத்தில் தப்பினார். கடைசி வரிசையில் பழகியவராக இருக்க வேண்டும்.)

சோதித்தது கோ. அதே மேடையில் செய்ததுதான் கோ பிளஸ். 2018 அக்டோபரில் இரண்டையும் புதுப்பித்து, முன்னால் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் எல்லா மாடலிலும் கொடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, 'அப்படிப்பட்ட வண்டியை யார் வாங்கினார்கள்?' என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். நான் கேட்க மாட்டேன். வாங்கியவர்கள் பலர் அதற்கு முதல் நாள் வரை எதில் போனார்கள் என்று பாருங்கள். ஸ்கூட்டரில். முன்னால் பையன் நின்றுகொண்டு, பின்னால் மனைவி, நடுவில் பெண். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அதில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள். மழையில் நனைந்து, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நாலு பேராகப் போன அந்த அப்பாவுக்குத் தலைக்கு மேல் ஒரு தகரக் கூரையே பெரிய நட்சத்திரம். அவர் செய்த கணக்கு தப்பில்லை.

அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும் பாக்கி. கூரை கிடைத்ததும் பயம் போய்விடுகிறது. ஸ்கூட்டரில் 40-ல் போனவர், காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு 100-ல் போகிறார். பின்னால் யாரும் பெல்ட் போடுவதில்லை.

ஹைஸ்கூல் பௌதிகத்தை ஒரு நிமிஷம் தூசி தட்டுவோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதினால், பெல்ட் போடாத உடம்பு அதே 50-ல் முன்னால் போகும். அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடி. மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைப்போமா? 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தபோது அவர் போனது மெர்சிடிஸ் காரில். நட்சத்திரத்துக்குக் குறைவில்லாத கார். பின் சீட்டில் அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ். மூன்றே முக்கால் லட்ச ரூபாய் காருக்கும் அந்தக் காருக்கும் பௌதிகம் ஒன்றுதான். பெல்ட்டுக்குத் தனியாகப் பணமும் வாங்குவதில்லை.

* * *

சின்ன வண்டி, மலிவான வண்டி என்றால் பலவீனமாகத்தான் இருக்கும் என்பது விதியா? இல்லை. அதே ஒரகடத்தில் அதே நாலு மீட்டருக்குள் 2019 ஆகஸ்டில் ரெனோ டிரைபர் வந்தது. ஆரம்ப விலை 4.95 லட்சம். நீளம் 3,990. ஆனால் சக்கரங்களுக்கு நடுவே 2,636 மில்லிமீட்டர். கோ பிளஸ்ஸை விட 186 அதிகம். கிட்டத்தட்ட ஒரு சாண்! அந்தச் சாணைப் பின்னால் ஒட்டாமல் நடுவில் விட்டார்கள். கடைசி வரிசை சீட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். அப்போது சாமானுக்கு 625 லிட்டர். 2021-ல் அதே குளோபல் என்கேப் பெரியவர்கள் பாதுகாப்புக்கு நாலு நட்சத்திரம், குழந்தைகளுக்கு மூன்று கொடுத்தது.

உடனே நட்சத்திரத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அது அன்றைய பரீட்சை. 2022-க்குப் பிறகு கேள்வித்தாள் கடினமாகிவிட்டது. பக்கவாட்டு மோதலும் சேர்ந்தது. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கே பாரத் என்கேப் என்று ஒன்று இருக்கிறது. எத்தனை நட்சத்திரம் என்று கேட்கும்போது எந்த வருஷத்து நட்சத்திரம் என்றும் கேளுங்கள். ஜாதகம் பார்க்கும்போது கேட்போமில்லையா?

கார்க்காரர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. பரீட்சை வந்தது, படித்தார்கள். 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ். கட்டாயம், அந்த ஜூலையில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம், 2022 ஜனவரியிலிருந்து பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம். வாத்தியார் பிரம்பை எடுத்தால் கடைசி பெஞ்சும் பாஸ் ஆகும்.

* * *

இப்போதும் பழைய மார்க்கெட்டில் ஏழு சீட்டுச் சின்ன வண்டி தேடுகிறவர்கள் நிறைய. கோ பிளஸ்ஸும் அங்கே கிடைக்கிறது. பெயர் போய்விட்டதே, பார்ட்ஸ் கிடைக்குமா என்று பயப்படுகிறவர்களுக்கு: உற்பத்தியை நிறுத்தியபோது சர்வீஸும் பார்ட்ஸும் நிஸ்ஸான் மூலம் தொடரும் என்று அறிவித்தார்கள். அதன் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின், நிஸ்ஸான் மைக்ராவில் இருந்த அதே இன்ஜின்தான். இன்ஜினுக்குத் துணை இருக்கிறது. கண்ணாடி, பம்பர், லைட் மாதிரி அந்த வண்டிக்கென்றே செய்த சாமான்களைத்தான் வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கம்பெனி வண்டியானாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்:

முதலில், டிரைவர் சீட்டில் உட்காராதீர்கள். நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்காருங்கள். விற்கிறவரை ஓட்டச் சொல்லி, இரண்டு ஸ்பீட் பிரேக்கர் தாண்டிவிட்டு வாருங்கள். அந்த இரண்டு குதியில், அங்கே யாரை உட்கார வைக்கப் போகிறீர்கள் என்பது தெளிவாகிவிடும்.

இரண்டாவது, கடைசி வரிசை பெல்ட்டை இழுத்து மாட்டிப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் போய்ச் சிக்கியிருக்கும், இல்லையென்றால் பத்து வருஷமாக யாரும் தொடாமல் இறுகியிருக்கும். தலை சாய்க்கும் திண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியில்லை என்றால் அது சீட் அல்ல, சாமான் வைக்கிற பலகை.

மூன்றாவது, பாட்டியை அழைத்துக்கொண்டு போய் ஏற்றி இறக்கிப் பாருங்கள். புடவை தடுக்காமல் நடுவரிசையில் ஏற முடிந்தால் வண்டி பாஸ். ஷோரூமில் இருக்கும் இருபத்தைந்து வயசுப் பையன் ஏறிக் காட்டுவதெல்லாம் கணக்கில் சேராது.

நாலாவது, ஆர்.சி. புத்தகத்தில் பாங்க் கடன் பாக்கி என்று பதிவாகியிருந்தால், அது நீங்கிய பிறகே பணம் கொடுங்கள். இன்ஷூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும்.

ஐந்தாவது, ஓட்டும்போது. வண்டியின் எடையே சுமார் 800 கிலோ. ஏழு பேர் தலைக்கு 60 கிலோ என்றால் 420 கிலோ. தன் எடையில் பாதிக்கு மேல் சுமக்கிறது, பாவம். முழு லோடுக்கு டயரில் எவ்வளவு காற்று என்று டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் போட்டிருக்கும். கிளம்பும் முன் அந்தக் காற்றைப் பிடியுங்கள். முன்னால் போகிற வண்டிக்கு வழக்கத்தை விட இரண்டு பங்கு இடைவெளி விடுங்கள். மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்காதீர்கள். கீழ் கியரில் இறங்குங்கள். பிரேக் சூடாகிக் கைவிட்டால், மிச்சம் பிடித்த பெட்ரோலை வைத்து என்ன செய்வது?

கடைசியாக, கடைசி வரிசை. அதை மடித்து வையுங்கள். ஊருக்குள் கல்யாண மண்டபம் வரை, மெதுவாக, பெல்ட் போட்டுக்கொண்டு போவதற்கு நிமிர்த்திக்கொள்ளலாம். ஹைவேயில் ஏறும்போது அது புளியோதரைக்கும் பானைக்கும் உரிய இடம். பானை உடைந்தால் ஊரில் நூறு பானை கிடைக்கும்.

குழந்தைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பஸ் டிரைவருக்கு டாட்டா காட்ட முடியவில்லையே என்பார்கள். நடுவரிசை ஜன்னலைக் கொடுங்கள், அங்கிருந்தும் டாட்டா காட்டலாம். ஏழாவதாக ஏறப் பார்க்கும் பெரிய மனுஷரைத்தான் சமாளிப்பது கஷ்டம். அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள்: ''அண்ணே, கிளாம்பாக்கத்துல பஸ் நிக்குது. முன்னாடியே போனீங்கன்னா ஜன்னலோர சீட்டே கிடைக்கும்.''